தோற்கத் தெரிந்தவர்கள்

அன்புள்ள சார்,

டிராகன் பால் என்ற மங்காவை, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையை, சமீபத்தில்தான் முழுதாகப் படித்து முடித்தேன். ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நமேக் கிரகத்தில், வரம் தரும் டிராகன் உருண்டைகளில் ஒரே ஒன்றுக்காக, வேற்றுக்கிரகப் போர்வீரன் வெஜிட்டா ஒரு கிராமத்தையே கொன்று தீர்க்கிறான். அப்படிப்பட்டவனுக்குப் பிறகு வீடு, மனைவி, பிள்ளை, நாயகர்கள் வரிசையில் ஓர் இடம் எல்லாம் கிடைக்கின்றன. பலமிருந்தால் எதையும் மன்னித்துவிடலாம் என்றுதானே இந்தக் கதை சொல்கிறது? இதில் யார் நாயகன், யார் வில்லன்?

க.

அன்புள்ள க.,

அந்தக் கிராமத்தை நீங்கள் மறக்காமல் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பலத்துக்குக் கிடைக்கும் மன்னிப்பு என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

1984 முதல் 1995 வரை வாராவாரம் வந்த தொடர் இது, மொத்தம் 519 அத்தியாயங்கள். இதன் அடிப்படையை, இதை எழுதி வரைந்த அகிரா டோரியாமா ஆரம்பப் பாகங்களிலேயே போட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். முதல் தற்காப்புக்கலைப் போட்டியில், கதையின் மையப் பாத்திரமான கோகுவின் குரு ஆமைத் துறவி, வேடமிட்டு, வேறு பெயரில் களமிறங்குகிறார். தன் சீடர்களைத் தானே தோற்கடிப்பதற்காக! எடுத்த எடுப்பில் ஜெயித்துவிட்டால் பையன்களுக்குத் தலைக்கனம் ஏறிவிடும், அப்புறம் வளரமாட்டார்கள் என்பது அவருடைய கவலை. கோகு தோற்கிறான். மூன்று வருடம் கழித்து நடக்கும் அடுத்த போட்டியின் இறுதிச்சுற்றில் டென்ஷின்ஹானிடம் மறுபடியும் தோற்கிறான். அதற்கும் அடுத்த போட்டியில்தான் பட்டம். ஒரு நாயகனை இவ்வளவு பொறுமையாகத் தோற்கவைத்து வளர்த்த சண்டைக்கதைகள் குறைவு.

அந்த டென்ஷின்ஹானும் வில்லனாக வந்தவன்தான். கொல்வதற்குக் கற்றுக்கொடுக்கும் கொக்குப் பள்ளி மாணவன், கோகுவின் நண்பன் யாம்சா மயங்கி விழுந்த பிறகும் அவன் காலை உடைத்தவன். ஆனால் மயிரிழையில் ஜெயித்ததும் பரிசுப் பணத்தில் பாதியை கோகுவிடம் நீட்டுகிறான். தன் வெற்றி முழு வெற்றி இல்லை என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

ஃப்ரீஸாவுக்கு வராதது இதுதான். கிரகங்களைக் காலிசெய்து விற்கும் வியாபாரி அவன். நமேக்கில் கோகுவோடு நடக்கும் சண்டையில் இரண்டாகப் பிளந்து கிடக்கும்போது உயிர்ப்பிச்சை கேட்கிறான். கோகு தன் சக்தியில் கொஞ்சம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகிறான். வாங்கிய சக்தியாலேயே அவன் முதுகில் அடிக்கப் பார்க்கிறான் ஃப்ரீஸா. இன்னொருவன் தயவில் உயிரோடு இருப்பதை அவனால் சகிக்கவே முடியவில்லை. பலத்தில் அவனுக்கு என்ன குறை? மன்னிப்புக்கு பலம் போதுமென்றால் முதல் ஆளாக அவன் திருந்தியிருக்க வேண்டும்.

வெஜிட்டாவும் அதே அவமானத்தில் வெந்தவன்தான். பூமியில் தோற்று, தரையில் ஊர்ந்துபோய்த் தன் விண்கலத்தில் ஏறப்பார்க்கிறான். கோகுவின் நண்பன் க்ரில்லின் வாளை ஓங்கி நிற்கும்போது, விட்டுவிடு என்று கோகு கெஞ்சுகிறான். இரக்கத்தால் இல்லை, இவனோடு இன்னொருமுறை மோத வேண்டும் என்ற ஆசையால். நீங்கள் வெஜிட்டாவை மட்டும் குற்றம் சொல்கிறீர்கள். நான் கோகுவையும் சேர்ப்பேன். அன்று அவனை விட்டதற்கான விலையைக் கொடுத்தது நமேக்கின் அந்தக் கிராமம்தான். ‘நாயகன்’ என்ற சொல்லை கோகுவுக்கு நான் எப்போதும் கொஞ்சம் தயங்கித்தான் பயன்படுத்துவேன்.

சரி, மன்னிப்புக்கு வருகிறேன். பூ என்ற அரக்கனோடு சேர்த்துத் தன்னையும் வெடிக்கச்செய்வதற்கு முன், மறு உலகத்தில் கோகுவைப் பார்ப்பேனா என்று வெஜிட்டா கேட்கிறான். கேட்பது யாரிடம்? பிக்கோலோவிடம், அரக்கராஜனின் மகனிடம். இல்லை, நீ அப்பாவிகள் நிறையப் பேரைக் கொன்றிருக்கிறாய் என்கிறான் பிக்கோலோ. சாகப்போகிறவனுக்கு ஆறுதலாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெஜிட்டாவும் எதிர்வாதம் செய்யவில்லை, அந்தப் பதிலோடேயே சாகப்போகிறான். இந்தப் பக்கங்களை நான் எத்தனை முறை படித்தாலும் அடுத்த பக்கத்துக்கு உடனே போக முடிவதில்லை. பிற்பாடு, மிகக் கொடியவர்களைத் தவிர்த்து மற்றவர்களை உயிர்ப்பிக்கும் வரத்தில் அவனும் பிழைத்துவிடுகிறான். அங்கே டோரியாமா இளகிவிட்டார் என்பது என் எண்ணம்.

அதைவிட எனக்குப் பெரிய வருத்தம் வேறொன்று உண்டு. நமேக் அழிந்த பிறகு, பிழைத்துவந்த நமேக்கியர்களை, கோகுவின் தோழியும் பின்னாளில் வெஜிட்டாவின் மனைவியாகப்போகிறவளுமான புல்மா தன் வீட்டில் தங்கவைக்கிறாள். அதே மூச்சில் வெஜிட்டாவையும் கூப்பிடுகிறாள். கொன்றவனும் கொல்லப்பட்டவர்களின் சொந்தங்களும் ஒரே வளாகத்தில்! டோரியாமா இதைச் சில பக்கங்களில் கடந்துபோகிறார். அங்கே ஒரு கிழ நமேக்கியர் வெஜிட்டா எதிரில் வந்து நின்று, அந்தக் கிராமத்தின் பெயராவது உனக்குத் தெரியுமா என்று கேட்டிருக்க வேண்டும். உங்கள் கடிதம் கேட்பதும் அந்தக் கேள்வியைத்தான்.

அன்புடன்.