நான்காம் வருடத்துக்கு இன்றே பணம் கட்ட வேண்டுமா?

களுவாஞ்சிகுடியில் வசிக்கும் ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "புதிய ஹைபிரிட் கார் ஒன்றுக்கு முற்பணம் கட்டியிருக்கிறேன். 3 வருடம் அல்லது 100,000 கிலோமீற்றர் வரை உத்தரவாதம் உண்டு. மேலும் 240,000 ரூபா கட்டினால் அதை 5 வருடமாக நீடித்துத் தருவதாகவும், அந்தத் தொகையை லீசிங்கிலேயே சேர்த்துவிடலாம் என்றும் விற்பனையாளர் சொல்கிறார். கையொப்பமிடும் நாளன்றே முடிவைச் சொல்ல வேண்டுமாம். பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து வெல்லாவெளிப் பக்கத்துப் பாடசாலைக்குப் போய்வர நாளொன்றுக்கு 40 கிலோமீற்றர் வரை ஓடுவேன். இரண்டு மாதத்துக்கொரு தடவை கொழும்புக்கும் போய்வருவேன். நீடித்த உத்தரவாதத்தை எடுப்பது நல்லதா?"

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். லீசிங்கில் சேர்த்து, அதே நாளில் இதை வாங்க வேண்டாம். மூல உத்தரவாதம் முடிவதற்கு முன் எப்போது வேண்டுமானாலும் இதே நீடிப்பைப் பெறலாமா என்று எழுத்தில் கேளுங்கள். பெறலாம் என்றால் மூன்றாம் வருடத்தின் நடுப்பகுதி வரை பொறுத்திருந்து, அப்போது காரின் நிலையைப் பார்த்து முடிவெடுங்கள். இன்று மட்டுமே வாங்க முடியும் என்றால், நீங்கள் எழுதிய விபரங்களை வைத்துப் பார்க்கையில், வேண்டாம் என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இந்தக் கேள்வி இப்போது பலரிடமிருந்தும் வருவதற்குக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அந்த ஐந்து வருடங்களில் பழைய வாகனங்களையே திருத்தித் திருத்தி ஓடிய மக்கள், முன்பு நினைத்தும் பார்த்திராத விலையைக் கொடுத்துப் புதிய வாகனம் எடுக்கும்போது, அது பழுதாகிவிடுமோ என்ற பயமும் கூடவே வருகிறது. நீடித்த உத்தரவாதம் விற்கப்படுவது அந்தப் பயம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில், அதாவது லீசிங் பத்திரங்கள் மேசையில் விரிக்கப்பட்டிருக்கும் அரை மணி நேரத்தில். விற்பவருக்கு அதில் கமிஷன் கிடைப்பது வழமை. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அவருடைய அவசரம் உங்களுடைய அவசரமாகிவிடக் கூடாது என்பதற்காகவே சொல்கிறேன்.

முதலில் பணக்கணக்கைப் பார்ப்போம். 240,000 ரூபாவை 5 வருட லீசிங்கில் சேர்த்து, வட்டி வருடத்துக்கு 14 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அதற்காக மட்டும் மாதம் ஏறத்தாழ 5,580 ரூபா கட்ட வேண்டிவரும். 60 மாதங்கள் முடியும்போது அது ஏறக்குறைய 3 இலட்சத்து 35 ஆயிரமாகியிருக்கும். நீங்கள் வாங்கும் பாதுகாப்போ நான்காம் வருடம் பிறந்த பிறகுதான் உயிர் பெறுகிறது. முதல் மூன்று வருடங்களும் கம்பனியின் மூல உத்தரவாதம் எப்படியும் இருக்கிறது, அதற்கு நீங்கள் தனியாக எதுவும் கட்டவில்லை. ஆகவே இன்னும் தொடங்காத ஒன்றுக்காக 36 மாதங்கள் வட்டியோடு பணம் கட்டுகிறீர்கள். அதே 240,000 ரூபா கையில் இருந்து, அதை நிலையான வைப்பில் இட்டு, வரி போக வருடத்துக்கு 7 சதவீதம் கிடைத்தால், மூன்று வருட முடிவில் 2 இலட்சத்து 94 ஆயிரம் ரூபா உங்களுடைய பெயரிலேயே இருக்கும். கார் பழுதாகாவிட்டால் அந்தப் பணம் பிள்ளையின் படிப்புக்கு உதவும். உத்தரவாதத்துக்குக் கட்டிய பணம் திரும்பி வராது.

எதிர்ப்பக்கக் கணக்கையும் நேர்மையாகப் போட வேண்டும். ஹைபிரிட் பேட்டரியோ அதன் மின்னோட்டத்தை மாற்றித்தரும் இன்வேர்ட்டர் பகுதியோ பழுதாகி 6 இலட்சம் ரூபா செலவு வரும் என்று வைத்துக்கொள்வோம். 240,000 ரூபாவை ரொக்கமாகக் கட்டியிருந்தால், நான்காம் ஐந்தாம் வருடங்களுக்குள் அப்படியொரு பழுது வரும் சாத்தியம் 100க்கு 40 ஆக இருந்தால்தான் கட்டிய பணத்துக்குக் கணக்குச் சரியாகும். லீசிங்கில் கட்டினால் 100க்கு 56 ஆக இருக்க வேண்டும். ஒழுங்காகச் சேர்விஸ் செய்யப்படும் ஒரு புதிய காரில் 45,000க்கும் 75,000க்கும் இடைப்பட்ட கிலோமீற்றரில் அவ்வளவு பெரிய பழுது அவ்வளவு சுலபமாக வருவதில்லை. தயாரிப்புக் குறை இருந்தால் அது பெரும்பாலும் முதல் வருடத்திலேயே வெளிப்பட்டுவிடும். தேய்மானத்தால் வரும் பழுதுகள் ஐந்து வருடங்களுக்குப் பிறகே கூடத் தொடங்கும். நீடித்த உத்தரவாதம் காப்பது பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள அமைதியான காலத்தைத்தான்.

ஆனாலும் கூட்டல் கழித்தலோடு விடயம் முடிந்துவிடுவதில்லை. 6 இலட்சம் ரூபாச் செலவு திடீரென்று வந்தால் நகையை அடகு வைக்க வேண்டிய நிலையிலுள்ள குடும்பத்துக்கு, கொஞ்சம் கூடுதலாகக் கட்டியாவது நிம்மதியாக இருப்பது நியாயமான தெரிவு. காப்புறுதி என்பதே அந்த அடிப்படையில்தான் இயங்குகிறது. அப்படியான நிலையில் இருப்பவர் பார்க்க வேண்டியது, தன்னைக் கவிழ்க்கக்கூடிய அந்தப் பெரிய பாகம் பத்திரத்தில் உண்மையிலேயே அடங்கியிருக்கிறதா என்பதை. பல உற்பத்தியாளர்கள் ஹைபிரிட் பேட்டரிக்கும் மின்சார வாகன பேட்டரிக்கும் மூல உத்தரவாதத்திலிருந்து வேறான, நீண்ட உத்தரவாதம் ஒன்றைத் தருகிறார்கள். 8 வருடம் அல்லது 160,000 கிலோமீற்றர் என்பது உலகில் பரவலாகக் காணப்படும் வரம்பு. உங்கள் காருக்கும் அப்படி ஒன்று ஏற்கெனவே இருந்தால், ஐந்தாம் வருடம் வரை பேட்டரியைக் காப்பதாகச் சொல்லி அதையே உங்களிடம் இரண்டாம் தடவை விற்கிறார்கள் என்று அர்த்தம். இந்த ஒரு கேள்விக்குரிய பதிலை எழுத்தில் வாங்காமல் பேச்சை மேலே கொண்டுபோக வேண்டாம்.

கிலோமீற்றர் வரம்பு உங்களுக்குப் பிரச்சினையாக இராது. பாடசாலை நாட்கள், கொழும்புப் பயணம், கோயில், கல்யாணம் எல்லாம் சேர்த்தாலும் வருடத்துக்கு 15,000 கிலோமீற்றரைத் தாண்டுவது அரிது. காலம், தூரம் இரண்டில் எது முதலில் வருகிறதோ அதோடு உத்தரவாதம் முடியும் என்பதால், உங்களுக்குக் காலம்தான் முதலில் முடியும். சம்மாந்துறையிலோ அக்கரைப்பற்றிலோ வேன் வைத்து மாதம் 3,000 கிலோமீற்றர் ஹயர் ஓடுபவரின் கதை வேறு. அவருடைய 100,000 கிலோமீற்றர் இரண்டு வருடமும் ஒன்பது மாதமும் ஆகும்போதே தீர்ந்துவிடும். அவருக்கு நீடிப்பு உண்மையிலேயே தேவைப்படலாம். ஆனால் வாடகைக்கு ஓடும் வாகனத்துக்குச் செல்லாது என்ற நிபந்தனை பல பத்திரங்களில் இருப்பதால், பணம் கட்டிய பிறகு அந்த வரியைக் கண்டு திகைப்பவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான்.

இனி நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் பகுதிக்கு வருகிறேன். நம்முடைய பிரதேசத்தில் வாகனத்தைக் கெடுப்பவை உப்புக்காற்று, வெள்ளம், கிரவல் வீதி ஆகிய மூன்றும்தான். இவற்றால் வரும் சேதத்தை உற்பத்திக் குறையாக உத்தரவாதங்கள் பொதுவாக ஏற்றுக்கொள்வதில்லை. மட்டக்களப்பில் வாகனம் திருத்தும் தொழிலில் இருந்த காலத்தில், கல்லடிக் கடற்கரையை அண்டிய வீடொன்றிலிருந்து இரண்டு வருடம்கூட ஆகாத கார் ஒன்று என்னிடம் வந்தது. ஸ்டியரிங் எச்சரிக்கை விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தது. முன்சில்லுப் பக்கத்து வயர் இணைப்பைக் கழற்றிப் பார்த்தபோது, செப்பு ஊசிகளின் மேல் பச்சை நிறத் தூள் படிந்து, ஒரு ஊசி பாதியளவு அரித்துப்போயிருந்தது. உத்தரவாதத்தின் கீழ் மாற்றித்தரும்படி உரிமையாளர் விற்றவர்களிடம் கேட்டார். வெளிப்புறக் காரணத்தால் ஏற்பட்டது என்று ஒரு வரியில் எழுதி மறுத்துவிட்டார்கள். பத்திரத்தை வாசித்துப் பார்த்தேன். அவர்கள் எழுதியிருந்த நிபந்தனைப்படி மறுப்பதற்கு இடம் இருந்தது. உரிமையாளரின் முகத்தைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வெள்ளமும் அப்படித்தான். கார்த்திகை, மார்கழியில் வெல்லாவெளி வீதியை நீர் மேவிப் பாயும்போது அதற்குள் காரை இறக்கி, எஞ்சின் நீரை உறிஞ்சிவிட்டால், நீரை அமுக்க முடியாது என்பதால் உள்ளே பிஸ்டனோடு இணைந்திருக்கும் கொனெக்டிங் ரொட் என்ற தண்டு வளைந்துவிடும். அது முழு எஞ்சின் வேலை. அந்தச் செலவை உத்தரவாதம் தராது. தரக்கூடியது முழுக் காப்புறுதி மட்டுமே. அதிலும் வெள்ளம், இயற்கை அனர்த்தம் ஆகியவை சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் நபர் காப்புறுதி இதற்கு உதவாது. நீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து பார்க்காமல், 12 வோல்ட் பேட்டரி இணைப்பைக் கழற்றுவித்து, இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். 240,000 ரூபாவில் ஒரு சிறு பகுதியைச் செலவழித்துக் காப்புறுதியில் இந்த விரிவைச் சேர்த்துக்கொள்வது உங்கள் பாதைக்குக் கூடுதல் பயன் தரும் என்பது என் உறுதியான எண்ணம்.

பிரேக் பேட், கிளட்ச் தட்டு, டயர், வைப்பர், பல்பு, 12 வோல்ட் பேட்டரி, சஸ்பென்ஷன் புஷ் போன்ற தேயும் பாகங்களும் பொதுவாக நீடிப்பில் அடங்குவதில்லை. நம் வீதிகளில் அடிக்கடி மாற்ற வேண்டிவருபவையும் இவையே.

நீடிப்பைப் பெற்றவர் ஒவ்வொரு சேர்விஸையும், குறித்த தூரத்தில் அல்லது குறித்த மாதத்தில், அங்கீகரிக்கப்பட்ட நிலையத்திலேயே செய்துவிக்க வேண்டும் என்பது ஏறக்குறைய எல்லாப் பத்திரங்களிலும் உள்ள நிபந்தனை. ஒரு தடவை தவறினாலும் மறுப்பதற்கு அது காரணமாகிவிடும். ஆகவே உங்களுடைய கார் வகைக்கு அங்கீகரிக்கப்பட்ட நிலையம் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ இருக்கிறதா, கண்டிக்கோ கொழும்புக்கோ போக வேண்டுமா என்பதைக் கேளுங்கள். ஒரு நாள் லீவு, எரிபொருள், ஊரிலுள்ள கராஜை விடக் கூடிய சேர்விஸ் கட்டணம் ஆகிய மூன்றையும் நான்காம் ஐந்தாம் வருடச் சேர்விஸ்களின் எண்ணிக்கையால் பெருக்கி 240,000 ரூபாவோடு கூட்டுங்கள். பொத்துவில் பக்கத்து வாசகர் ஒருவருக்கு மட்டக்களப்பே 100 கிலோமீற்றருக்கு மேல் என்பதால், இந்தக் கணக்கு மட்டுமே அவருடைய முடிவைத் தீர்மானித்துவிடும். ஊரில் அலாரம், ரிவேர்ஸ் கமெரா, மேலதிக லைட் பூட்டுவதற்காக வயரை வெட்டினாலும் மின்சாரப் பகுதிக்கான உத்தரவாதம் போய்விடக்கூடும்.

நான் எடுக்கச் சொல்லும் சந்தர்ப்பமும் ஒன்று உண்டு. நாட்டில் ஏராளமாக ஓடும் ஜப்பானிய வகையென்றால், கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பாவித்த பாகமாவது கிடைக்கும், அதைப் பூட்டத் தெரிந்த கையும் ஊரில் இருக்கும். 2025க்குப் பிறகு புதிதாக வந்த, முகவர் நிறுவனத்தைத் தவிர வேறு எங்கும் பாகம் கிடைக்காத, அவர்களுடைய கொம்பியூட்டர் இல்லாமல் பழுதைக் கண்டறியவே முடியாத வாகனமென்றால் பழுதின் விலையை நிர்ணயிப்பவர்கள் அவர்கள் மட்டும்தான். அப்படிப்பட்ட வாகனத்துக்கு, பெரிய மின்சாரப் பாகங்களைப் பெயர் சொல்லி உள்ளடக்கிய நீடிப்பை, ரொக்கமாகக் கட்டி எடுப்பதில் நியாயம் இருக்கிறது. அதிலும் உத்தரவாதத்துக்குப் பொறுப்பு நிற்பது உற்பத்தியாளரா, முகவரா, இடையில் வந்த வேறொரு கம்பனியா, ஒரு பழுதுக்கு அதிகபட்சம் எவ்வளவு தருவார்கள், கூலியும் பரிசோதனைக் கட்டணமும் அடங்குமா, காரை விற்றால் அது வாங்குபவருக்குப் போகுமா என்பவற்றைப் பத்திரத்திலேயே காட்டச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம்.

நீடிப்பு இல்லாவிட்டால் உரிமையே இல்லை என்று நினைக்கவும் வேண்டாம். வியாபாரி விற்கும் பொருள் விற்பனைக்குரிய தரத்தில் இருக்க வேண்டும் என்பதை 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமே நிபந்தனையாகக் கொள்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். எழுத்து மூலமும் தாமதமின்றிக் கொடுப்பது நல்லது.

எடுக்காமல் விட்டால் செய்ய வேண்டிய வேலை சிலதுதான். பல ஹைபிரிட் கார்களில் பேட்டரிக்குக் காற்றுப் போகும் வலை பின் ஆசனத்தருகே இருக்கும். அதில் மணலும் தூசும் அடைத்தால் பேட்டரி சூடேறி ஆயுள் குறையும் என்பதால், ஒவ்வொரு சேர்விஸிலும் அதைக் கழற்றித் துப்புரவாக்குவியுங்கள். சேர்விஸ் பற்றுச்சீட்டுகள் அனைத்தையும் ஒரே கோப்பில் வையுங்கள். மிக முக்கியமாக, மூல உத்தரவாதம் முடிவதற்கு இரண்டு மாதங்கள் இருக்கும்போது, அதாவது 34ஆம் மாதத்தில், காரை அங்கீகரிக்கப்பட்ட நிலையத்துக்குக் கொண்டுபோய், கேட்கும் ஒவ்வொரு சத்தத்தையும், எரியும் ஒவ்வொரு விளக்கையும், ஒழுகும் ஒவ்வொரு துளி எண்ணெயையும் நிலையத்தின் வேலைப்பதிவுத் தாளான ஜொப் காட்டில் எழுதுவித்து, திகதியும் முத்திரையும் இட்ட பிரதியைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். உத்தரவாதக் காலத்துக்குள் பதிவான குறையை, அந்தக் காலம் முடிந்த பிறகும் திருத்தித்தரும்படி கேட்பதற்கு உங்களிடம் இருக்கும் வலுவான சான்று அந்தத் தாள்தான்.