மறைமலை நகரில் ஃபோர்டு ஏன் நிலைக்கவில்லை? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்னையை ஒட்டிய ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் போகும்போதெல்லாம் ஃபோர்டு ஆலையைப் பார்த்து மனசு கனக்கிறது. அதே காலத்தில் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்த ஹூண்டாய் ஓஹோவென்று இருக்கிறது. ஊரும் ஒன்று, துறைமுகமும் ஒன்று, வேலை செய்கிறவர்களும் நம் பிள்ளைகள்தான். பிறகு ஃபோர்டு மட்டும் ஏன் மூடியது?
– வாசகி, சிங்கப்பெருமாள் கோவில்

அம்மா, முதலில் தொழிலாளர்கள் மேல் பழி போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மறைமலை நகரில் செய்த எக்கோஸ்போர்ட் கப்பலேறி அமெரிக்காவுக்கே போய் விற்றது. கைத்திறன் குறைவாக இருந்தால் அது நடந்திருக்குமா? உதிரிபாகத் தொழிலில், டூல் ரூமிலும் (அச்சுகளும் கருவிகளும் செய்யும் பிரிவு) தரக்கட்டுப்பாட்டிலும் காலம் கழித்தவன் நான். குறை அங்கே இல்லை என்று அடித்துச் சொல்வேன்.

வித்தியாசம் முதல் வண்டியிலேயே தொடங்கிவிட்டது. ஃபோர்டு 1995-ல் மஹிந்திராவோடு கூட்டு சேர்ந்து வந்தது. அடுத்த வருஷம் எஸ்கார்ட்டை நாசிக்கில் பூட்டி விற்றது. ஐரோப்பாவில் ஓய்வு பெறக் காத்திருந்த கார் அது. 1998-ல் அங்கே ஃபோகஸ் வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதே 1998-ல் ஹூண்டாய் இங்கே சான்ட்ரோவை இறக்கியது. மாருதி 800 வைத்திருந்த குடும்பம் அடுத்து எதற்கு ஏறும் என்று கணக்குப் போட்டு வந்த சின்ன கார். உயரமான கூரை, ஏறி இறங்க வசதி, கைக்கு எட்டும் விலை. 1997-ல் கொரியாவே பணநெருக்கடியில் சிக்கியிருந்தது. சொந்த ஊர்ச் சந்தையை மட்டும் நம்பி ஹூண்டாய் பிழைத்திருக்க முடியாது. இந்தியாவில் ஜெயித்தே ஆகவேண்டிய கட்டாயம் அதற்கு இருந்தது.

ஃபோர்டு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அநியாயம். 1999-ல் மறைமலை நகரிலிருந்து வந்த ஐகான் நம் ஊருக்கென்றே உருவாக்கிய செடான். ஓட்டினவர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சொல்லி ஆசைப்படுகிறார்கள். ஆனால் சின்ன கார் ஃபிகோ வந்தது 2010-ல். சான்ட்ரோவுக்குப் பிறகு பன்னிரண்டு வருஷம்! அதற்குள் ஸ்விஃப்ட்டும் ஐ10-உம் வீடு வீடாகப் புகுந்துவிட்டன. 2006 பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்குள் அடங்கும் சின்ன கார்களுக்குக் கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16-ஆகக் குறைத்தார்கள். சந்தை எந்தப் பக்கம் போகிறது என்று அரசாங்கமே பலகை வைத்துக் காட்டிய மாதிரி. ஃபிகோ நன்றாக ஓடியதும் 2011-ல் வந்த புது ஃபியஸ்டாவுக்கு எட்டு லட்சத்துக்கு மேல் விலை வைத்தார்கள். அது எடுபடவில்லை.

இதற்கெல்லாம் அடியில் ஒரு காரணம் இருக்கிறது. அமெரிக்க கம்பெனிகளுக்கு லாபம் கொட்டுவது அவர்கள் ஊரில் விற்கும் பெரிய பிக்கப் டிரக்குகளில். இறக்குமதியாகும் பிக்கப்புகளுக்கு அங்கே 1964-லிருந்து 25 சதவீத வரி. ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கறிக்கு வரி போட்டதற்குப் பதிலடியாக வந்த வரி, அதனால் ‘கோழி வரி’ என்றே அதற்குப் பெயர். கோழிச் சண்டை ஓய்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, வரி மட்டும் நிற்கிறது. அந்த வேலிக்குள் சம்பாதிக்கிறவர்களுக்கு வெளிநாட்டுச் சின்ன கார் எப்போதும் இரண்டாம் பட்சம். கை இறுகினால் முதலில் விழும் வெட்டு வெளிநாட்டின் மேல்தான். 2018-ல் ஃபோர்டு தன் சொந்த ஊரிலேயே மஸ்டாங் உள்பட ஓரிரண்டு தவிர மற்ற கார்களை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அன்றைக்கே எனக்கு மறைமலை நகரை நினைத்து வயிற்றைக் கலக்கியது. அந்தக் கார்களின் செலவை உலகம் முழுக்கப் பங்குபோட்டுக்கொள்ள ஆள் இல்லாவிட்டால், இந்தியாவுக்கு மட்டும் யார் புது மாடல் செய்வார்கள்?

மஹிந்திராவுக்கு 51 சதவீதம் கொடுத்து மறுபடி கூட்டு சேர 2019-ல் ஒப்பந்தம் ஆனது. 2020 கடைசி நாளோடு அதுவும் முறிந்தது. 2021 செப்டம்பர் 9-ல் மூடும் அறிவிப்பு. பத்து வருஷத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்றார்கள். மறைமலை நகரின் கடைசி எக்கோஸ்போர்ட் 2022 ஜூலையில் வெளியே வந்தது.

எக்கோஸ்போர்ட் டீசல் வைத்திருக்கிறேன். அருமையான வண்டி. இப்படி ஒரு வண்டி இருந்தும் ஏன் தோற்றார்கள்? இன்னும் எத்தனை நாள் ஓட்டலாம்?
– வாசகர், பொள்ளாச்சி

உங்கள் வண்டியின் டிக்கியைத் திறந்து பாருங்கள். கதவு மேலே தூக்காது, பக்கவாட்டில் திறக்கும்; அதன் முதுகில் ஸ்டெப்னி. கைப்பிடி வலது பின்விளக்கோடு ஒட்டி ஒளிந்திருக்கும், கீல் இடப்பக்கம். அதாவது, நாம் இடது ஓரமாக நிறுத்தினால் கதவு நடைபாதைப் பக்கத்தை அடைத்துக்கொள்ளும். லாரி போகிற பக்கமாக நின்று சாமான் ஏற்ற வேண்டும். இந்த வண்டியை வடிவமைத்தது பிரேசிலின் கமசாரியில் இருந்த குழு. அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்டுவார்கள், அந்தக் கதவு அவர்களுக்கு ரொம்பப் பொருத்தம். நமக்காக அதைத் திருப்பிப்போட யாரும் செலவு செய்யவில்லை.

இது சின்ன விஷயம்தான். ஆனால் ‘யார் முடிவெடுக்கிறார்கள்’ என்பது இதில் தெரிகிறது. எங்கள் டூல் ரூமில் ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு டோர் டிரிம் (கார் கதவின் உள்பக்க உறை) அச்சு செய்தபோது, ஒரு கிளிப்பின் அடியில் அரை மில்லிமீட்டர் கூட்டினால் உடையாது என்று எங்கள் ஃபிட்டர் கையிலேயே செய்து காட்டினார். வரைபடத்தைத் திருத்த இங்கே ஒருவருக்கும் அதிகாரம் இல்லை. கடல் கடந்து ஒப்புதல் வரும்வரை, உடையும் என்று தெரிந்த கிளிப்பையே அடித்து அனுப்பிக்கொண்டிருந்தோம். அந்த ஃபிட்டரின் முகம் எனக்கு மறக்கவில்லை.

2013-ல் எக்கோஸ்போர்ட் வந்தபோது அந்த ரகத்தில் பெரிய போட்டியே இல்லை. 2016-ல் பிரெஸ்ஸா, 2017-ல் நெக்ஸான், 2019-ல் வென்யூ என்று வரிசையாக வந்தார்கள். ஃபோர்டு 2017-ல் முகப்பையும் பெட்ரோல் எஞ்சினையும் மாற்றியதோடு நிறுத்திக்கொண்டது. தானே திறந்த சந்தையை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்தது.

உங்கள் டீசல் இன்னும் நிறைய ஓடும். டைமிங் பெல்ட்டை மட்டும் கையேட்டில் சொன்ன கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுங்கள், தள்ளிப்போடவே போடாதீர்கள். குறிப்பிட்ட தரத்து ஆயிலைத் தவிர வேறு ஊற்றாதீர்கள்.

ஏழை நாடுகளில்தான் அமெரிக்கக் கம்பெனிகளுக்குத் திண்டாட்டமா?
– கல்லூரி மாணவி, திருச்சி

இல்லை, ஜெர்மனியைப் பார். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் (ஜி.எம்.) 1929-ல் ஓப்பல் கம்பெனியை வாங்கியது. நல்ல கார்கள், நல்ல பொறியாளர்கள். ஆனால் 1999-க்குப் பிறகு ஐரோப்பாவில் ஒரு முழு வருஷம்கூட லாபம் காணவில்லை. போதாக்குறைக்கு, கொரியாவில் செய்த தங்கள் செவர்லேக்களைக் கொண்டுவந்து அதே ஊரில் ஓப்பலுக்கு எதிராகவே விற்றார்கள்! 2017-ல் பிரான்ஸின் பி.எஸ்.ஏ. குழுமத்துக்கு ஓப்பலைக் கைமாற்றினார்கள். மறுவருஷமே, 2018-ல், ஓப்பல் 85.9 கோடி யூரோ செயல்பாட்டு லாபம் காட்டியது. ஆட்குறைப்பும் அதில் உண்டு, மறைக்கவில்லை. ஆனாலும் அதே ஆலைகள், அதே ஊர்கள். ஐரோப்பாவில் பிழைத்தே ஆகவேண்டிய முதலாளி வந்ததும் கணக்கு மாறியது.

ஆஸ்திரேலியாவில் 1931-லிருந்து ஜி.எம். கையில் இருந்த ஹோல்டன் கார் கம்பெனி, 2017-ல் உற்பத்தியை நிறுத்தியது. 2020-ல் அந்தப் பெயரையே எடுத்துவிட்டார்கள்.

சீனாவில் ஜி.எம். கொடிகட்டிப் பறந்ததே?
– வாசகர், ஓசூர்

பறந்தது உண்மை. 1997-ல் ஷாங்காயின் கார் கம்பெனி எஸ்.ஏ.ஐ.சி.யோடு பாதிக்குப் பாதி கூட்டு. ஜி.எம்.மின் பியூக் கார் அங்கே கௌரவச் சின்னம். 2017-ல் ஒரே வருஷத்தில் 40 லட்சம் வண்டிகள். அதன்பிறகு பி.ஒய்.டி. போன்ற உள்ளூர் கம்பெனிகள் மின்சார வண்டிகளில் முந்திக்கொண்டன. 2023-ல் விற்பனை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. 2024 டிசம்பரில், சீனக் கூட்டு முயற்சிக்காக 500 கோடி டாலருக்கு மேல் கணக்கில் கழிப்பதாக ஜி.எம். அறிவித்தது.

கூட்டாளி அதற்குள் தொழிலை நன்றாகக் கற்றுக்கொண்டார். குஜராத்தின் ஹலோலில் ஜி.எம். விட்டுப்போன ஆலையை 2017-ல் வாங்கியவர் அதே எஸ்.ஏ.ஐ.சி.தான், எம்.ஜி. கார்கள் அங்கிருந்துதான் வருகின்றன. ஜி.எம்.மின் தலேகான் ஆலை ஹூண்டாயிடம், ஃபோர்டின் சானந்த் டாடாவிடம், பிரேசிலின் கமசாரி ஆலை பி.ஒய்.டி.யிடம்.

ஃபோர்டு திரும்ப வருகிறதாமே. டிப்ளமா மெக்கானிக்கல் முடித்த என் மகன் காத்திருக்கலாமா?
– வாசகர், செங்கல்பட்டு

வருவது கார் செய்ய அல்ல, எஞ்சின் செய்ய. 2024 செப்டம்பரில் விருப்பக் கடிதம் கொடுத்தார்கள். 2025 அக்டோபர் கடைசியில் தமிழ்நாடு அரசோடு 3,250 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டார்கள். வருஷத்துக்கு 2,35,000 எஞ்சின், ஏற்றுமதிக்கு. உற்பத்தி 2029-ல் தொடங்கும் என்பது திட்டம். எனக்கு உள்ளபடியே சந்தோஷம். அந்த வாசலில் மறுபடி ஷிப்ட் பஸ் நிற்கவேண்டும் என்று ஆசைப்படுகிறவன் நான்.

ஆனால் மகனைக் காத்திருக்க விடாதீர்கள். 2029 தூரம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் மெஷினிங், அச்சு, மின்சார மோட்டார் வேலை தரும் உதிரிபாகக் கம்பெனிகள் நிறைய. அப்ரண்டிஸாக இப்போதே சேரட்டும். சி.என்.சி. (கணினி இயக்கும் மெஷின்) புரோகிராமும் அளவுக் கருவிகளும் கைவந்துவிட்டால், ஃபோர்டு வந்தாலும் போகலாம், வராவிட்டாலும் பாதகமில்லை. சேருகிற இடத்தில் டூல் ரூமுக்குப் போடச்சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள்.