கட்டியின் அமிலமும் கார நீர் இயந்திரமும்

கேள்வி: என் மாமியாருக்கு மார்பகப் புற்றுநோய். கோவையில் கீமோதெரபி நடக்கிறது. "கட்டி அமிலத்தில்தான் வளரும், கார நீர் குடித்தால் கரைந்துவிடும்" என்று உறவினர் ஒருவர் ஒன்றரை லட்சம் ரூபாய் இயந்திரத்தை வாங்கச் சொல்கிறார். தயிர், முட்டை, கறியையும் நிறுத்த வேண்டுமாம். மஞ்சள் விற்ற பணம் கையில் இருக்கிறது. வாங்கலாமா?
- ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: வாங்க வேண்டாம் அம்மணி. அந்தப் பணம் மாமியாரின் சாப்பாட்டுக்கும் கோவைக்குப் போய்வரும் செலவுக்கும் இருக்கட்டும்.

உறவினர் சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் அது எடுபடுகிறது. புற்றுச் செல் சர்க்கரையை அவசர அவசரமாக உடைத்து லாக்டிக் அமிலத்தைக் குவிக்கிறது. ஜெர்மானிய அறிவியலாளர் ஓட்டோ வார்பர்க் இதை 1920களிலேயே கண்டார். அமிலம் உள்ளேயே தங்கினால் செல் பிழைக்காது. அதை வெளியே வைக்க உதவும் நொதிகளில் முக்கியமானது கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 9. கட்டிக்குள் ஆக்சிஜன் குறையும்போது செல் இந்த நொதியை நிறையச் செய்து தன் மேற்பரப்பில் நிறுத்திக்கொள்கிறது. வெளிவரும் கரியமில வாயுவை நொதி தண்ணீரோடு சேர்க்க, பைகார்பனேட்டும் அமிலமும் உண்டாகின்றன. பைகார்பனேட் செல்லுக்குள் திரும்பிப்போய் அங்குள்ள அமிலத்தைத் தணிக்கிறது. அமிலம் வெளியிலேயே நிற்கிறது. சாயப்பட்டறைகள் தங்கள் கழிவை நொய்யலில் விட்டதைப் பார்த்தவர்கள் நாம். இதுவும் அதே வேலைதான்.

அமிலமா காரமா என்று காட்டும் அளவு பிஎச்; 7க்குக் கீழே போனால் அமிலம். கட்டியைச் சுற்றி அது 6.5 வரைகூட இறங்கலாம். அந்த அமிலம் பக்கத்துத் திசு சிதையத் துணைபோகிறது. கட்டி பரவ வழி கிடைக்கிறது. நோய் எதிர்ப்புச் செல்கள் சோர்ந்துவிடுகின்றன. வார்டில் 'சிவப்பு மருந்து' என்று சொல்லும் கீமோ மருந்தான டாக்ஸோரூபிசின் செல்லுக்குள் நுழைவதும் கடினமாகிறது.

ஆனால் இந்த அமிலத்தைச் செய்வது கட்டி. தயிரோ முட்டையோ அதைக் கொண்டுவருவதில்லை. நீங்கள் குடிக்கும் கார நீர் இரைப்பை அமிலத்தில் விழுந்ததுமே தன் காரத்தை இழக்கிறது. ரத்தத்தின் பிஎச் 7.35 முதல் 7.45 வரை நிற்கும்படி நுரையீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. இயந்திரம் எதையும் மாற்றாது. இந்த நொதியையே முடக்கும் மருந்துகள் இன்னும் சோதனை நிலையில்தான் இருக்கின்றன.

ஒரே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விற்பவர்கள் இதைத்தான் ஆதாரமாகக் காட்டுவார்கள். சில லுக்கேமியா (ரத்தப் புற்று), லிம்போமா (நிணநீர்ப் புற்று), எலும்புப் புற்று நோயாளிகளுக்கு மெத்தோட்ரெக்சேட் மருந்தை மிக அதிக அளவில் ஏற்றும்போது, டாக்டர்களே சோடியம் பைகார்பனேட் கொடுத்துச் சிறுநீரைக் காரமாக்குவார்கள். மருந்து சிறுநீரகத்தில் படிகமாகி அடைத்துவிடக்கூடாது என்பதற்காகச் செய்வது அது. கட்டியைக் கரைப்பதற்காக அல்ல. அதுவும் மருத்துவமனைக்குள், சிறுநீரைத் திரும்பத் திரும்பச் சோதித்துச் செய்வது. இதைக் கேட்டுவிட்டு வீட்டில் சமையல் சோடாவைக் கரைத்துக் குடித்தால் உப்பு ஏறும், பொட்டாசியம் இறங்கும், இதயத் துடிப்பே தடுமாறலாம்.

எனக்குக் கோபம் உறவினர் மேல் இல்லை. ஆள் சேர்த்தால் கமிஷன் என்று அவரையும் யாரோ பிடித்திருப்பார்கள். புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டம் 1954லிருந்து இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு விற்கிறார்கள், கேட்பாரில்லை. எங்கள் புறநோயாளிப் பிரிவுகளில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து 'என்ன சாப்பிடலாம்' என்று சொல்ல ஆளில்லாததால்தான் அந்த இடத்தில் இவர்கள் வந்து உட்காருகிறார்கள்.

மாமியாருக்கு முட்டை, பருப்பு, நன்றாக வேகவைத்த கறி, வீட்டில் சுத்தமாக உறையிட்ட தயிர் எல்லாம் கொடுங்கள். கீமோ நடக்கும் நேரத்தில் புரதம் குறைந்தால் எடை இறங்கி, மருந்தின் அடுத்த தவணையே தள்ளிப்போகலாம். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுப் பிரிவில் காட்டுங்கள். இயந்திரத்துக்கு முன்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள். ரசீது இல்லை என்றாலும் கேளுங்கள்.