கடலோர வீட்டில் உளியும் அரமும் வைப்பது எப்படி?
வணக்கம் நண்பரே. தூத்துக்குடியில் கடலுக்குப் பக்கத்து வீடு, உளி, அரம், ஸ்பேனர் எல்லாம் ஒரே தகரப் பெட்டியில், இரண்டே மாதத்தில் துரு என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அந்தக் குவியலைப் பிரியுங்கள். அரங்கள் ஒன்றோடொன்று உரசினால் பற்கள் மழுங்கும், பக்கத்தில் கிடக்கும் உளியின் முனையும் சில்லு பெயரும்.

சுவரில் ஒரு பிளைவுட் பலகை அடியுங்கள். பின்னால் ரீப்பர் கட்டை (மெல்லிய மரத்துண்டு) கொடுத்து அரை அங்குலமாவது இடைவெளி விடுங்கள், மழைக்காலத்தில் சுவரின் ஈரம் ஏறாது. உளிகளுக்குத் துளையிட்ட சட்டம், ஸ்பேனருக்கு ஆணி. ஒவ்வொன்றையும் சுற்றிப் பென்சிலால் கோடு வரைந்துவிட்டால் காணாமல் போனது உடனே தெரியும்.

உங்கள் ஊரில் உப்புக் காற்றுதான் பெரிய எதிரி. உலர்ந்த துணியால் உப்பையும் கைவியர்வையையும் நன்றாகத் துடைத்த பிறகே தையல் மிஷின் எண்ணெய் பூசுங்கள். துடைக்காமல் பூசினால் எண்ணெய்க்கு அடியிலேயே துரு வளரும். அரத்துக்கு மட்டும் எண்ணெய் வேண்டாம், வழுக்கும். சாக்பீஸ் தேய்த்து வையுங்கள்.

இப்போதுள்ள துருவுக்கு ஓர் இரவு வினிகரில் ஊறவைத்து, ஸ்டீல் உல் என்னும் மெல்லிய இரும்பு நாரால் தேய்த்து, சோடா உப்பு கரைத்த நீரில் அலசி, உடனே துடைத்துக் காயவையுங்கள். உளியின் மரப்பிடி வினிகரில் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.