சைலன்சர் மாட்டினால் புகை ஏன் பின்னால் வருகிறது?

கேள்வி: ஐயா, என் தாய்மாமா ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நீளக் குழல் துப்பாக்கியில் சைலன்சர் மாட்டினால் தொல்லை குறைவு என்றும், குட்டைக் குழலில் மாட்டினால் சுடுபவர் முகத்திலேயே புகை அடிக்கும் என்றும் சொல்கிறார். குண்டு போகும் பக்கம்தானே குழலின் வாய் இருக்கிறது? புகை எப்படிப் பின்னால் வரும்?
– ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: தங்கள் மாமா சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் குழலின் மொத்த நீளத்தை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய இயலாது. குழலில் வாயுத்துளை எங்கே இருக்கிறது, அதற்கு அப்பால் எவ்வளவு குழல் மிச்சம் இருக்கிறது என்பவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மூலத்தறையிலிருந்து வரும் கால்வாய் நீரில் பயிர் செய்யும் ஊர்க்காரருக்கு இதை விளக்குவது எளிது. ஓடும் வாய்க்காலின் கடைமுனையை மண்மூட்டைகளால் பாதி அடைத்தால் நீர்மட்டம் ஏறும். நடுவழியில் உள்ள மடையை முன்பிருந்த அளவுக்கே திறந்து வைத்திருந்தாலும் அதன் வழியே வயலுக்குக் கூடுதல் நீர் பாயும். தானாகக் குண்டேற்றும் துப்பாக்கியின் குழலிலும் அப்படியொரு மடை உண்டு. குண்டு அந்தச் சிறு துளையைக் கடந்ததும் வெடிவாயுவில் ஒரு பகுதி அதன் வழியே பிரிந்து, குழலின் பின்புறத்தை மூடியிருக்கும் போல்ட்டைப் பின்தள்ளி, காலி உறையை வெளியேற்றுகிறது. குண்டு குழலை விட்டு வெளியேறியதும் அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். சைலன்சரின் உள்ளே இருக்கும் தடுப்புத் தட்டுகள் வாயுவை மெல்ல மெல்ல வெளிவிடுவதால்தான் ஓசை குறைகிறது. அதே காரணத்தால் அழுத்தம் விழுவதும் தாமதமாகிறது. அந்தத் தாமத நேரம் முழுவதும் துளை வழியே வாயு பாய்ந்துகொண்டே இருக்கும். இதையே பின்னழுத்தம் என்கிறோம். போல்ட் திறக்கும்போது அந்த வாயுவே புகையாகச் சுடுபவர் பக்கம் வெளியே வருகிறது.

இனி நீளத்துக்கு வருவோம். அமெரிக்க எம்-16 துப்பாக்கியின் குழல் 508 மில்லிமீட்டர். அதன் குறுவடிவமான எம்-4 துப்பாக்கியின் குழல் 368 மில்லிமீட்டர். இவ்வளவு வித்தியாசம் இருந்தும், துளையிலிருந்து குழல்வாய் வரையுள்ள தூரம் இரண்டிலும் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர்தான். நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டு அதைக் கடக்க நொடியில் 5,000-இல் ஒரு பங்கு நேரம் ஆகும். ஆனால் எம்-4 துப்பாக்கியில் துளை வெடியறைக்கு மிக அருகில் இருப்பதால், அங்கே வாயு அதிகச் சூட்டோடும் அழுத்தத்தோடும் வந்து சேர்கிறது. ஆகவே சைலன்சர் இல்லாதபோதும் அது எம்-16 துப்பாக்கியைவிடக் கடுமையாக இயங்கும்.

எம்-4 வகையிலேயே குழலை 262 மில்லிமீட்டராகக் குறைத்த எம்.கே.-18 துப்பாக்கியில் துளைக்கு அப்பால் ஆறரை சென்டிமீட்டர் அளவே மிஞ்சுகிறது. இவ்வளவு குறைந்த நேரத்தில் போல்ட்டைத் தள்ளப் போதிய வாயு கிடைக்காது என்பதால் அதில் துளையைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். அதன்மேல் சைலன்சரை மாட்டினால், குழல்வாயில் மிக உயர்ந்த அழுத்தத்தோடு வரும் வாயு தேங்கி, பெரிதாக்கிய அந்தத் துளை வழியாகவே தாராளமாகப் பின்வாங்குகிறது. தங்கள் மாமா கண்ட தொல்லையின் வேர் இதுவே.

இதை வெறும் எரிச்சல் என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. அழுத்தம் தணியும் முன்பே போல்ட் திறந்தால், வெடியறையின் சுவரில் இறுகியிருக்கும் உறையைப் பிடுங்கும்போது அதன் விளிம்பு கிழியக்கூடும். போல்ட் மிக வேகமாக ஓடினால், மேகசின் சுருள்வில் அடுத்த தோட்டாவை மேலே தள்ளும் முன்பே அது திரும்பி வந்துவிடும். எல்லாவற்றையும்விட, அந்தப் புகையில் ஈயமும் செம்பும் கலந்திருக்கின்றன. நாள்முழுதும் பயிற்சி தரும் ஆசிரியரின் கண்ணும் நுரையீரலுமே இதற்கு விலை கொடுக்கின்றன. நான் ஆயுதப் பட்டறையில் இருந்த காலத்தில், சிவந்த கண்களோடு வந்த இளைஞர்களிடம் அது பழகிவிடும் என்று சொல்லி அனுப்பியதைக் கண்டு மனம் நொந்திருக்கிறேன்.

நம் ராணுவம் வெகுகாலம் பயன்படுத்திய எஸ்.எல்.ஆர். துப்பாக்கியில் இருந்ததுபோல, வாயுவின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் இருந்தால் பெருமளவு சமாளிக்கலாம். வாயுவை முன்பக்கமாகவே வழிநடத்தும் சைலன்சர்களும் இப்போது வந்துவிட்டன; அவற்றில் ஓசை சற்றுக் கூடலாம், முகத்தில் அடிக்கும் புகை குறையும். என்னைக் கேட்டால் அதுவே நல்ல பேரம். ஒன்றை மறந்துவிட வேண்டாம்: 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஓசையைக் குறைக்கும் துணைக்கருவியையும் துப்பாக்கி என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது.

கேள்வி: பழைய .303 துப்பாக்கிக்கும் இந்தத் தொல்லை உண்டா?
– ஒரு வாசகர், நகரி, ஆந்திரம்

பதில்: இல்லை. அதில் வாயுத்துளையே கிடையாது. போல்ட்டைக் கையால்தான் திறக்க வேண்டும். கை போல்ட்டை எட்டுவதற்குள் அழுத்தம் முழுதும் அடங்கிவிடும் என்பதால், குழல் நீளமானாலும் குட்டையானாலும் சைலன்சரால் அதன் இயக்கம் மாறாது. திறக்கும்போது குழலில் தங்கிய சிறிது புகை மட்டும் மெல்ல வெளியே வரும்.