"கிஃப்ட்"னா கல்யாணமா விஷமா? கேள்வி பதில்

ஸ்வீடிஷ், டேனிஷ், நார்வேஜியன் மூணுலயும் இருக்கிற "கிஃப்ட்"ங்கிற குட்டி வார்த்தையைப் பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. வந்த கேள்விகளுக்கு வரிசையா சொல்றேன்.

கேள்வி: அண்ணா, ஸ்வீடன் வந்து ரெண்டு மாசம் ஆச்சு. ஒரு ஃபார்ம்ல "கிஃப்ட்"டா "ஊகிஃப்ட்"டான்னு டிக் பண்ணச் சொல்றாங்க, எலி மருந்து டப்பாவுலயும் அதே கிஃப்ட் இருக்கு. என்ன இது?

ஃபார்ம்ல இருக்கிறது கல்யாணம் ஆனவரா ஆகாதவராங்கிறது தம்பி. டப்பாவுல இருக்கிறது விஷம். எழுத்து ஒண்ணுதான், உச்சரிப்பும் ஒண்ணுதான். ஸ்வீடன், நார்வேல "யிஃப்ட்"னு சொல்வாங்க, டென்மார்க்ல மட்டும் நம்ம இங்கிலீஷ் மாதிரி "கி". ஆனா பரிசுங்கிற அர்த்தம் இங்க கிடையாது, அதுக்கு ஸ்வீடிஷ்ல "கோவா"ன்னு வேற வார்த்தை, இல்லைன்னா சும்மா பிரசென்ட்னே சொல்லிடுவாங்க.

கேள்வி: கல்யாணம் விஷம்னு அந்தக் காலத்துலயே புரிஞ்சு வச்சிருக்காங்க போல?

இந்த ஜோக்கை இங்க உள்ளவங்களே தலைமுறை தலைமுறையா சொல்லிட்டு இருக்காங்க, ஆனா உண்மைக் கதை இதைவிட எவ்வளவோ அழகுங்க. ரெண்டுக்கும் வேர் "கொடு"ங்கிற வினைதான், இங்கிலீஷ் "கிவ்" வந்த அதே வேர். கல்யாணம்ங்கிற அர்த்தம் பொண்ணைக் கொடுக்கிறதுலேர்ந்து வந்தது, பழைய ஸ்வீடிஷ் சட்டத்துல "யிஃப்டூமான்"னு ஒருத்தர் உண்டு, பொண்ணைக் கட்டிக்கொடுக்கிற உரிமை அவர் கையிலதான், பெரும்பாலும் அப்பாதான் அது. 1734 சட்டத் தொகுப்புல திருமணப் பகுதிக்குப் பேரே "யிஃப்டெர்மோல்ஸ் பால்க்". 1987ல புதுச் சட்டம் எழுதினப்போதான் அந்தப் பேரை விட்டுட்டு "எக்டென்ஸ்காப்ஸ் பால்க்"னு வச்சாங்க. பழைய இங்கிலீஷ்ல கூட இந்த வார்த்தைக்கு பொண்ணுக்காகக் கொடுக்கிற பணம்னுதான் அர்த்தம், பன்மையில சொன்னா கல்யாணம்.

கேள்வி: சரி சார், கொடுக்கிறது எப்படி விஷமாச்சு?

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமே இதுதான். கிரேக்கத்துல "டோசிஸ்"னா கொடுத்தல், வைத்தியர் ஒரு வேளைக்குக் கொடுக்கிற மருந்தளவுக்கும் அதே பேரு, நாம சொல்ற டோஸ் அதுதான். லத்தீன் வழியா ஜெர்மன் பேசறவங்க கிட்ட வந்தப்போ அவங்க அதை அப்படியே தங்க மொழில "கொடுக்கப்பட்டது"ன்னு கிஃப்ட் ஆக்கினாங்க, அப்புறம் விஷத்தை நேரா விஷம்னு சொல்லாம நாசூக்கா "அவனுக்குக் கொடுத்தது"ன்னு சொல்லிச் சொல்லி அதுவே விஷத்துக்குப் பேரா நின்னுடுச்சு. நம்ம ஊர்ல எலி "மருந்து"ங்கறோம், பூச்சி "மருந்து"ங்கறோம், குடிச்சுட்டா "மருந்தைக் குடிச்சுட்டான்"ங்கறோம், அதே மனசுதான். அந்த அர்த்தம் ஜெர்மன் பக்கத்துலேர்ந்து வடக்கே ஏறி இந்த மொழிகளுக்குள்ள வந்தது. ஜெர்மன்ல இன்னிக்கு கிஃப்ட்னா விஷம் மட்டும்தான், ஆனா "மிட்கிஃப்ட்"னா வரதட்சணை, பழைய அர்த்தம் அங்க ஒளிஞ்சுட்டு இருக்கு.

கேள்வி: தமிழ்ல இப்படி ஏதாவது உண்டா அண்ணா?

"கொடு"ங்கிறதுலேர்ந்து விஷத்துக்கு வார்த்தை இல்ல, கல்யாணத்துக்கு உண்டு. "கொள்வினை கொடுப்பினை"ன்னா பொண்ணு எடுக்கிறது கொடுக்கிறது. அதே கொடுப்பினைக்கு அதிர்ஷ்டம்னும் அர்த்தம், "எனக்குக் கொடுப்பினை இல்ல"ங்கறோமே. இப்ப பாருங்க, இந்தப் பக்கத்து மொழிகளோட பழைய வடிவமான பழைய நார்ஸ்ல "கிஃப்டா"ன்னா அதிர்ஷ்டம்! ரெண்டு மொழிக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல, தனித்தனியா யோசிச்சே ரெண்டு கூட்டமும் அதே இடத்துக்கு வந்திருக்கு. முதல்ல இது தட்டினப்போ அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

கேள்வி: பேசும்போது குழப்பம் வராதா?

வராது. விஷம் பெயர்ச்சொல், ஸ்வீடிஷ்ல முன்னாடி "எட்" வரும். கல்யாணம் ஆனவர்ங்கிறது பெயரடை, "யா ஏர் யிஃப்ட்"னா நான் கல்யாணம் ஆனவன், அவ்வளவுதான்.

கேள்வி: ஐஸ்லாந்துலயும் இப்படித்தானா?

இல்லம்மா. அங்க கல்யாணம் ஆன ஆம்பளை "கிஃப்துர்", விஷத்துக்கு "எய்துர்"னு பழைய சொந்த வார்த்தையே இன்னும் ஓடுது. அந்த வார்த்தை டேனிஷ்லயும் ஒருகாலத்துல இருந்ததுதான், கிஃப்ட் வந்து ஓரங்கட்டிடுச்சு. இப்போ சிலந்திக்குச் சொல்ற "எடர்கோப்"ல முதல் பாதியா உட்கார்ந்திருக்கு, அந்த "எடர்"தான் பழைய விஷம்.