பத்தாம் வகுப்பு இயற்பியல்: கணக்கு எங்கே தவறுகிறது?

சூத்திரம் எல்லாம் மனப்பாடமாகத் தெரியும். ஆனாலும் கணக்குப் போட்டால் விடை தப்பாகவே வருகிறது. என்ன செய்வது?
– பத்தாம் வகுப்பு மாணவி, திண்டுக்கல்

சூத்திரத்துக்கு முந்தைய வரியைப் பாருங்கள். பெரும்பாலும் பிழை அங்கேதான் இருக்கும். கேள்வியில் உள்ள எண்ணை அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறோம். அது எந்த அலகில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

1000 கிலோகிராம் நிறையுள்ள கார் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பிரேக் பிடித்ததும் 4 விநாடியில் நிற்கிறது. பிரேக் கொடுத்த விசை எவ்வளவு? முதல் வேலை 72-ஐ மாற்றுவது. ஒரு கிலோமீட்டர் 1000 மீட்டர், ஒரு மணி 3600 விநாடி. 1000/3600 என்பதைச் சுருக்கினால் 5/18. எனவே 72 × 5/18 = 20 மீவி⁻¹. முடுக்கம் (0 − 20)/4 = −5 மீவி⁻². விசை 1000 × (−5) = −5000 நியூட்டன். அந்தக் கழித்தல் குறியை விட்டுவிடாதீர்கள். கார் போகும் திசைக்கு எதிராக விசை செயல்படுகிறது என்பதே அதன் பொருள்.

72-ஐ மாற்றாமல் போட்டால் விடை 18,000 என்று வரும்; 3.6 மடங்கு பிழை. அதே காரின் இயக்க ஆற்றலைக் கேட்டால் நிலைமை இன்னும் மோசம். அங்கே வேகம் வர்க்கமாகிறது, கூடவே பிழையும் வர்க்கமாகிறது. சரியான விடை 2,00,000 ஜூல். மாற்றாமல் போட்டவருக்கு 25,92,000 வரும். கிட்டத்தட்ட 13 மடங்கு.

கம்பியின் மின்தடைக் கணக்கிலும் இதே கதைதான். ஒரு மில்லிமீட்டர் 10⁻³ மீட்டர் என்று சரியாகச் சொல்பவர்கள்கூட, ஒரு சதுர மில்லிமீட்டரை 10⁻³ சதுர மீட்டர் என்று எழுதிவிடுகிறார்கள். அது 10⁻⁶. 2 மீட்டர் நீளமும் 0.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் கொண்ட செம்புக் கம்பி. செம்பின் தன்மின்தடை எண் 1.7 × 10⁻⁸ ஓம் மீட்டர். மின்தடை = தன்மின்தடை எண் × நீளம் ÷ பரப்பு = 0.068 ஓம். பரப்பை 10⁻³ என்று எடுத்தால் இதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வரும். பரப்புக்குப் பதில் விட்டம் கொடுத்திருந்தால் பாதியாக்கி ஆரமாக மாற்றிய பிறகே வர்க்கப்படுத்த வேண்டும். இதை மறந்தால் பரப்பு நான்கு மடங்காகிவிடும்.

ஆகவே, 'தரவு' என்று தலைப்பிட்டு, எண்கள் எல்லாவற்றையும் மீட்டர், கிலோகிராம், விநாடிக்கு மாற்றி எழுதிய பிறகே சூத்திரத்தைத் தொடுங்கள். அரை நிமிட வேலைதான்.

எண் சரியாக இருந்து அலகு மட்டும் எழுதாமல் விட்டால் என்ன பெரிய குற்றம்?
– மாணவர், நாகர்கோவில்

அலகு இல்லாத எண் விடையே ஆகாது. 1999-இல் நாசாவின் 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' செவ்வாயை நெருங்கியபோது தொலைந்துபோனது. அதன் உந்துபொறிகள் தந்த கணத்தாக்கை ஒரு மென்பொருள் பவுண்டு விசை – விநாடியில் கணக்கிட்டுக் கொடுத்தது. பாதையைக் கணித்தவர்கள் அந்த எண்ணை நியூட்டன் விநாடி என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு பவுண்டு விசை சுமார் 4.45 நியூட்டன். சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் போயிருக்க வேண்டிய கலம், 57 கிலோமீட்டர் வரை இறங்கிவிட்டது என்று பின்னர் தெரியவந்தது.

அந்தக் கணத்தாக்கு உங்கள் முதல் பாடத்திலேயே இருக்கிறது: விசை × நேரம், அதாவது உந்த மாற்றம். அலகு நியூட்டன் விநாடி. கிகி மீவி⁻¹ என்றும் எழுதலாம், இரண்டும் ஒன்றே. எப்படி ஒன்றாகின்றன என்று ஒருமுறை பிரித்து எழுதிப் பாருங்கள்.

கடையில் 'எடை 5 கிலோ' என்கிறோம். பாடப் புத்தகம் எடைக்கு அலகு நியூட்டன் என்கிறது. மகனுக்கு எப்படிச் சொல்வது?
– குடும்பத் தலைவி, தஞ்சாவூர்

கடைக்காரர் தருவது 5 கிலோகிராம் நிறை. அரிசியில் உள்ள பொருளின் அளவு அது. நிலவுக்குக் கொண்டுபோனாலும் 5 கிலோகிராம்தான். பூமி அந்த அரிசியை இழுக்கும் விசைதான் எடை: 5 × 9.8 = 49 நியூட்டன். நிலவில் ஈர்ப்பு முடுக்கம் சுமார் 1.6 மீவி⁻² என்பதால் எடை 8 நியூட்டன் அளவுக்குக் குறையும். இருதட்டுத் தராசு அங்கேயும் 5 கிலோகிராம் படிக்கல்லுக்குச் சமம் காட்டும். சுருள்வில் தராசு குறைத்துக் காட்டும்.

இதையொட்டி வரும் மின்தூக்கிக் கேள்வியில்தான் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். 'மேலே போனால் எடை கூடும், கீழே வந்தால் குறையும்' என்று மனப்பாடம் செய்வது தவறு. பார்க்க வேண்டியது முடுக்கத்தின் திசையை. 60 கிலோகிராம் நிறையுள்ளவர் நிற்கும் மின்தூக்கி 2 மீவி⁻² முடுக்கத்துடன் மேலே கிளம்பினால் தோற்ற எடை 60 × 11.8 = 708 நியூட்டன். சீரான வேகத்துக்கு வந்ததும், மேலே போய்க்கொண்டிருந்தாலும், 588 நியூட்டன்தான். மேல் மாடியை நெருங்கி அதே அளவில் வேகம் குறையும்போது முடுக்கம் கீழ்நோக்கி இருக்கிறது. தோற்ற எடை 60 × 7.8 = 468 நியூட்டன். மேலே போகும்போதே எடை குறைகிறது. மாடிக் கட்டிடத்தில் ஏறும்போது மகனையே கவனிக்கச் சொல்லுங்கள்.

மின்தடை கூடினால் திறன் கூடுமா, குறையுமா? ஒரு சூத்திரம் கூடும் என்கிறது, இன்னொன்று குறையும் என்கிறது.
– மாணவர், ஈரோடு

நல்ல கேள்வி. திறன் = மின்னோட்டத்தின் வர்க்கம் × மின்தடை. திறன் = மின்னழுத்தத்தின் வர்க்கம் ÷ மின்தடை. இரண்டும் சரி. எது மாறாமல் இருக்கிறது என்று கேட்டால் குழப்பம் தீரும்.

வீட்டில் எல்லாக் கருவிகளும் பக்க இணைப்பில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 230 வோல்ட் கிடைக்கிறது. மின்னழுத்தம் மாறாததால் இரண்டாவது சூத்திரம்: மின்தடை குறைந்தால் திறன் கூடும். 100 வாட் குண்டு பல்பு எரியும்போது அதன் மின்தடை 230 × 230 ÷ 100 = 529 ஓம். 40 வாட் பல்புக்கு 1322.5 ஓம். குறைந்த வாட் பல்புக்கே மின்தடை அதிகம்.

இதே இரண்டு பல்புகளையும் தொடர் இணைப்பில் 230 வோல்ட்டில் மாட்டினால்? இப்போது இரண்டிலும் ஒரே மின்னோட்டம் பாய்கிறது, எனவே முதல் சூத்திரம். மின்தடை அதிகமுள்ள 40 வாட் பல்புதான் கூடுதல் வெளிச்சம் தரும். தேர்வில் இதைக் கேட்டால் 'மின்னோட்டம் சமம்' என்ற காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

பக்க இணைப்பில் இன்னொரு சறுக்கல்: 6 ஓம், 3 ஓம் கொடுத்தால் 1/6 + 1/3 = 1/2 என்று வந்ததும், 0.5 ஓம் என்று முடித்துவிடுவது. தலைகீழாக்கினால்தான் 2 ஓம். தொகுபயன் மின்தடை இருப்பதிலேயே சிறிய மின்தடையைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பது முதல் சோதனை. ஆனால் 0.5-உம் அந்தச் சோதனையைத் தாண்டிவிடும். அதனால் தலைகீழாக்கும் வரியைத் தனியாக எழுதிப் பழகுங்கள்.

மின்கட்டண ரசீதில் வரும் 'யூனிட்' எது?
– வாசகர், சேலம்

ஒரு கிலோவாட் மணி. 1000 வாட் × 3600 விநாடி = 36,00,000 ஜூல். இது ஆற்றல், கிலோவாட் என்பது திறன். 'கிலோவாட்/மணி' என்று கோடு போட்டு எழுதுவது பிழை, இங்கே நடப்பது பெருக்கல். 1500 வாட் ஹீட்டர் 20 நிமிடம் ஓடினால் 1.5 × 1/3 = அரை யூனிட்.

லென்சு கணக்கில் கூட்டலா கழித்தலா என்று எப்போதும் தடுமாறுகிறேன்.
– மாணவி, புதுச்சேரி

லென்சுக்கு: 1/குவியத் தொலைவு = 1/பிம்பத் தொலைவு − 1/பொருளின் தொலைவு. ஆடிக்குத்தான் நடுவில் கூட்டல். பொருள் லென்சுக்கு இடப்பக்கம் இருப்பதால் அதன் தொலைவு எப்போதும் கழித்தல் எண். குவிலென்சின் குவியத் தொலைவு கூட்டல், குழிலென்சுக்குக் கழித்தல். பிம்பத்துக்கு மட்டும் நீங்களாகக் குறி போடாதீர்கள். அது விடையாக வர வேண்டியது. தடுமாற்றத்தில் பாதி இதனால் வருவதுதான்.

குவியத் தொலைவு 10 செமீ, பொருள் 15 செமீ தொலைவில். 1/10 = 1/பிம்பத் தொலைவு + 1/15. பிம்பம் +30 செமீ. உருப்பெருக்கம் 30 ÷ (−15) = −2: தலைகீழான, இரு மடங்கு பெரிய பிம்பம். கையோடு கதிர்ப்படத்தை நினைத்துப் பாருங்கள். பொருள் குவியத்துக்கும் அதன் இரு மடங்குத் தொலைவுக்கும் இடையே இருந்தால் பிம்பம் மறுபக்கம் இரு மடங்குக்கு அப்பால். 30, 20-க்கு அப்பால்தான் இருக்கிறது.

தொலைவுகள் எல்லாம் சென்டிமீட்டரிலேயே இருக்கலாம். லென்சின் திறன் கேட்டால் மட்டும் மீட்டருக்கு மாற்றியே ஆக வேண்டும்: 1 ÷ 0.10 = 10 டயாப்டர்.

வெப்பநிலையை எப்போது கெல்வினுக்கு மாற்ற வேண்டும்?
– மாணவர், கடலூர்

வித்தியாசம் மட்டும் தேவையென்றால் மாற்ற வேண்டாம்; 30 டிகிரி செல்சியஸ் உயர்வு 30 கெல்வின் உயர்வுதான். விகிதம் வந்தால் மாற்றியே தீர வேண்டும். சார்லஸ் விதிப்படி, மாறா அழுத்தத்தில் 27 °செ-இலிருந்து 127 °செ-க்குச் சூடாகும் வாயுவின் பருமன் 400/300, அதாவது 4/3 மடங்காகும். செல்சியஸில் வகுத்தால் 4.7 மடங்கு என்று வரும்.

திருப்புதல் தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. சூத்திரங்களை எப்படித் திரும்பப் படிப்பது?
– மாணவர், விருதுநகர்

படிப்பதைவிட எழுதிப் பாருங்கள். ஒரு வெள்ளைத் தாளில், புத்தகத்தை மூடிவைத்து, ஒரு பாடத்தின் சூத்திரங்களை நினைவிலிருந்து எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அலகு. அதற்கு எதிரே அந்தச் சூத்திரம் எப்போது பொருந்தும் என்று ஒரு வரி ('வெப்பநிலை மாறாதபோது' என்பது போல). பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். மறுநாள், நான்காம் நாள், பத்தாம் நாள் என்று புதுத் தாளில் மறுபடியும். சிவப்பு மை குறைந்துகொண்டே வர வேண்டும்.

சூத்திரம் பாதி மறந்தால் அலகைப் பிடித்து மீட்கலாம். அலையின் வேகம் மீவி⁻¹. அதிர்வெண் வி⁻¹, அலைநீளம் மீட்டர். பெருக்கினால்தான் வேகத்தின் அலகு கிடைக்கிறது. ஆனால் இந்த வழிக்கு ஓர் எல்லை உண்டு: அலகு இல்லாத எண்களை அது காட்டாது. இயக்க ஆற்றலில் வரும் அரையை விட்டாலும் அலகு ஜூல்தான். எதிரொலியில் ஒலி போய்த் திரும்புவதால் வரும் 2-ஐ விட்டாலும் அலகு மீட்டர்தான். ஒலியின் வேகம் 340 மீவி⁻¹, எதிரொலி 2 விநாடியில் கேட்டால் பாறை 340 மீட்டர் தொலைவில் இருக்கிறது, 680-இல் அல்ல. இப்படி எண் ஒளிந்திருக்கும் சூத்திரங்களை மட்டும் தனித்தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள்.